அலுமாரிக்குள் மூச்சைப் பிடித்திருந்தவருக்கு

ஒரே முங்கில் துறைமுகத்தின் அடிச் சேற்றைத் தொட்டுவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு மேலே வருகிற என் அருமை அண்ணாவுக்கு,

உங்களைச் செத்தவர் என்று வைத்து நான் எழுதும் முதல் கடிதம் இது. கோபிக்காதீர்கள். நாளைக் காலையில் உங்களை எரிக்கப் போகிறோம்.

முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும் என்று அச்சகத்தில் விபரம் கேட்டார்கள். பெயர் எழுதினேன், பிறந்த இடம் எழுதினேன், தொழில் சுழியோடி என்று எழுதினேன். 'சிவபதம் அடைந்த திகதி' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நீங்கள் கடைசியாகத் தண்ணீருக்குள் இறங்கிய நாளைப் போடுவதா, நாளைய திகதியைப் போடுவதா? உங்களிடம்தான் கேட்க வேண்டும். கல்வெட்டில் வழக்கமாக வரும் அழுகைப் பாட்டெல்லாம் எனக்கு வராது. அந்தப் பக்கங்களில் இந்தக் கடிதத்தை அடிக்கச் சொல்லப் போகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

நடந்ததை அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். துறைமுக வாயில் ஒரு றோலர் மீன்பிடிப் படகின் நங்கூரம் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிட என் அண்ணா இறங்கினார். நங்கூரம் வந்தது. கயிறு வந்தது. அண்ணா வரவில்லை. எல்லாரும் தேடினார்கள். கொட்டியார் குடாவின் இரண்டு கரையிலும், மூதூர், கட்டைபறிச்சான் வரைக்கும் சொல்லிவைத்துத் தேடினோம். ஒரு செருப்புக்கூடக் கரையொதுங்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாரி போய்விட்டது.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஒரு உரு செய்து, அதையே உடலாக வைத்து எரித்துக் காரியம் முடிப்பது நம் வழக்கம். குருக்கள் அப்போதே வந்து சொன்னார். அண்ணி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புல்லைக் கொளுத்திப்போட்டு என்னைப் பொட்டு அழிக்கச் சொல்லுறீங்களோ ஐயா? அவர் வந்து 'என்னடி இது' எண்டு கேட்டால் நீங்களோ பதில் சொல்லுவீங்கள்?"

குருக்கள் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே அண்ணி வீட்டிலிருந்த உங்கள் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துத் துணியில் சுற்றி எங்கோ ஒளித்துவிட்டாள். கலியாணப் படத்தையும் விடவில்லை. சுவரில் படம் இருந்தால்தானே எவளாவது வந்து மாலை போடுவாள். லிங்கநகர் வீட்டுச் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

வீட்டு வளவில் உங்கள் மரக்குற்றியும் கிடந்தது. நினைவிருக்கிறதா, போவதற்குச் சில மாதம் முன் சீனன்குடாப் பக்கம் சேற்றுக்குள் இருந்து வெற்றுத் தகரப் பரல்கள் கட்டி மிதக்கவைத்து இழுத்துவந்தீர்களே. வாசல் கதவு செய்யப் போகிறேன் என்று ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. வாளைப் போட்டு அறுத்துப் பார்த்த ஆசாரி, இது மரமில்லை, கல் என்று சொல்லிக் கூலியும் வாங்காமல் போனார். அந்தக் குற்றி எத்தனை வெயிலுக்கும் காயவில்லை. கோடையிலும் அடிப்பக்கம் ஈரம் கசிந்தபடியே இருந்தது. நக்கிப் பார்த்தேன், உப்பு. சிரிக்காதீர்கள், ஆரும் பார்க்காத நேரம்தான் நக்கினேன். எறும்புகூட அதன்மேல் ஏறுவதில்லை.

போன வருசம் மாரி முடிந்த கையோடு அந்த ஜப்பான் பிள்ளை வந்தாள். அயாகோ என்று பெயர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். உப்புவெளியில் தங்கிக்கொண்டு, தண்ணீருக்குள் கிடந்த மரம் எங்கே இருக்கிறது என்று காண்கிறவர்களை எல்லாம் கேட்டிருக்கிறாள். ஓட்டோக்காரன் ஒருவன் நேரே நம் வளவுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். அவள் அரக்குப் பூசிச் சிலை செய்கிறவள். அரக்கு என்றால் நாம் முத்திரை வைக்கிற அரக்கு இல்லை. அவர்கள் நாட்டில் ஒரு மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். அதைப் பூசினால் கறுத்து, இறுகி, கண்ணாடி மாதிரி மின்னும்.

குற்றியைக் கண்டதும் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு அரைகுறைத் தமிழில் வாங்கலாமா என்று கேட்டாள்.

"விக்கேலாது," என்றாள் அண்ணி. "மரம் அவற்றை. நீ இங்கை இருந்து செய். அவர் வந்து குடுத்தால் கொண்டுபோ."

"எப்ப வருவார்?"

"வருவார்."

நீங்கள் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறீர்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டாள். பின் கொட்டிலை வாடகைக்கு எடுத்து, உங்கள் ஒட்சிசன் சிலிண்டருக்குப் பக்கத்தில் தன் உளிகளை அடுக்கினாள். கொழும்பில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்கு அதுதான் அவளுடைய முக்கியமான சிலை என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணிக்கு வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டம் கூடியதில் சந்தோசம். எனக்கும்தான்.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? என் இரும்புக்கடையில் இருந்து நல்ல வார்னிஷ் ரின் ஒன்றைக் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டு, செத்த எலியைத் திருப்பிக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். இன்னொரு நாள் குசினிக்கு வந்து கோதுமை மா கேட்டாள். பிள்ளைக்குப் பசி என்று அண்ணி ரொட்டி சுட்டுச் சம்பலோடு கொடுத்தாள். அவள் ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் மா கேட்டாள். மாவை அரக்கோடு குழைத்துத்தான் மரத்தை ஒட்டுவார்களாம்.

ஒட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் குற்றியை அவள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தாள். அதற்கு முன் மாதக்கணக்காக நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு உப்பை இறக்கினாள். உள்ளே முழுவதையும் குடைந்து எடுத்து, வெற்றுக் கூடாக்கி, திரும்ப மூடி ஒட்டி, வெளியே உருவத்தைச் செதுக்கினாள். உள்ளே வெறுமையாக இல்லாவிட்டால் மரம் வெடிக்கும் என்றாள். மேலே துணி ஒட்டி, அதற்குமேல் அரக்கு. ஒரு பூச்சு, காயவைத்தல், கரியும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தல், மறுபடி பூச்சு. அப்படியே மாதங்கள் போயின.

அண்ணா, அந்த அரக்கு வெயிலில் காயாது. நம்புவீர்களா? நெருப்பிலும் அவசரத்துக்குக் காயாது. இருட்டும் ஈரமும் புழுக்கமும் வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஈரச் சாக்குப் போட்டு உள்ளே வைத்தால்தான் இறுகும். மனிதனுக்கு மூச்சு முட்டுகிற இடத்தில்தான் அது உயிர் பிடிக்கும். சிலை கொள்ளும் அளவுக்குப் பெட்டி எங்கே இருக்கிறது? அண்ணி யோசிக்கவே இல்லை. உங்கள் உடுப்பு அலுமாரியைத் திறந்துவிட்டாள். தட்டுகளை மட்டும் கழற்ற விட்டாள். தொங்கிய சேட்டுகளை எடுக்க விடவில்லை.

"அவற்றை சேட்டு அங்கைதான் கிடக்க வேணும். வந்தால் எங்கை தேடுவார்?"

அப்படியே உங்கள் சேட்டுகளுக்குக் கீழே, ஈரச் சாக்குக்கு நடுவில், அது குந்தியிருந்தது.

குந்தியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முழங்கால்களை நெஞ்சோடு அணைத்து, முகத்தைச் சற்று மேலே தூக்கி இருக்கிற ஒரு ஆள். படகு விளிம்பில் இருந்து பின்பக்கமாக விழுவதற்கு முன் நீங்கள் இருப்பது அப்படித்தான். வாய் இறுக மூடி, கன்னம் இரண்டும் உப்பியிருந்தது.

"ஏன் பிள்ளை கன்னம் வீங்கிக் கிடக்கு?" என்று கேட்டேன்.

"மூச்சு பிடிக்கிறார்," என்றாள். தன் கன்னத்தை உப்பிக் காட்டினாள். "நான் செய்ய இல்லை. மரம் அப்படி. இங்கே ஒரு முடிச்சு, இங்கே ஒரு முடிச்சு. நான் பின்னாலே போனேன்."

சரி, கணு இருந்த இடத்தில் கன்னம் வந்தது, அதில் என்ன என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு இடது காதைப் பார்த்தேன். தூண்டில் கிழித்து உங்கள் இடது காதுச் சோணையில் ஒரு துண்டு இல்லையே, அதே இடத்தில் அதற்கும் இல்லை. கடல் புழு அரித்த ஓட்டையாம். அடைக்க மனம் வராமல் விட்டாளாம். அந்த வீட்டில் உங்கள் படம் ஒன்றும் இல்லை அண்ணா. ஒன்றுகூட இல்லை. அவள் உங்களை ஒருநாளும் கண்டதில்லை.

அன்றைக்குக் கடைக்குப் போய் ஆணி கேட்டவனுக்குக் கீல் நிறுத்துக் கொடுத்தேன்.

சேட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரத்தில் அவை நனைந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் காலர்களில் வெள்ளையாக உப்புப் பூத்தது. நீங்கள் கடலால் வந்து கழற்றிப் போடுகிற சேட்டில் பூக்கிற அதே உப்பு. மரத்தில் மிச்சம் இருந்த உப்பு என்று அயாகோ சொன்னாள். அப்படித்தான் இருக்கும். சாக்கை நனைத்தது கிணற்றுத் தண்ணீர் என்பதை நான் அவளிடம் சொல்லிக்காட்டவில்லை.

அயாகோவிடம் ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. அதற்குள் கண்ணாடிபோலத் தெளிந்த பளிங்கில் செய்த கண்கள் இரண்டு. சிலையின் கண்மடல் அப்போது வெறும் மூடிய மரம். கடைசியில் அதைக் கீறித் திறந்து, அந்தக் குழிக்குள் பளிங்கை வைப்பாளாம். வைத்தால் பார்க்கிற திசையில் எல்லாம் திரும்பிப் பார்க்குமாம். ஒருநாள் அண்ணிக்கு அதை எடுத்துக் காட்டிவிட்டாள். அன்று தொடங்கியது வினை.

"கண் எப்ப வைப்பாய் பிள்ளை?" காலையில் அதே கேள்வி, பின்னேரமும் அதே கேள்வி. கோயிலில் சிலைக்குக் கண் திறந்த பிறகுதான் சாமி உள்ளே வரும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள் அல்லவா. அண்ணிக்கு அதுதான் மனதில். "கண் வைச்சால் வந்திடுவார்," என்று என்னிடமே சொன்னாள், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

எனக்கு அதற்குப் பிறகு பயம் பிடித்தது. பேய்க்குப் பயமில்லை, அண்ணியை நினைத்துத்தான். அவள் அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். பிட்டு அவித்தால் ஒரு தட்டம் அங்கே போகும். தையல் மிசின்மேல் தூசு படிந்தது. சட்டை தைக்கக் கொடுத்த பெண்கள் அவள் மூடிய கதவோடு கதைப்பதைக் கண்டுவிட்டு, துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது. அந்தக் கண்ணை வைத்தால் அவள் இனி அந்த அறையை விட்டு வெளியே வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. கடல் ஒருவரை எடுத்தது போதாதென்று அந்தக் கட்டை மற்றவரையும் எடுக்கப் போகிறது என்று நினைத்தேன். மன்னியுங்கள், அதைக் கட்டை என்றுதான் நினைத்தேன்.

அயாகோவைத் துறைமுகக் கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் உண்மையைச் சொன்னேன். அண்ணா கப்பலில் இல்லை, இந்தத் தண்ணீரில் என்று கையைக் காட்டினேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். "நான் யாரைச் செய்தேன்?" என்று கேட்டாள். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த வாரம்தான் அண்ணிக்கு முகம் வீங்கியது. இடது கன்னம், காது, கழுத்து, எல்லாம் சிவந்து தடித்து, கொப்புளம் போட்டு, நீர் வடிந்தது. மாங்காய்ப் பால் பட்டால் வருமே, அதைப்போலப் பத்து மடங்கு. நான் பூச்சி கடித்தது என்றேன். அயாகோ ஒரு பார்வை பார்த்தாள், அடுத்த நிமிடம் அலுமாரிக்கு ஓடினாள்.

காயாத அரக்கு தோலில் பட்டால் அப்படித்தான் ஆகும். அதனால் ஒருவரும் தொடக்கூடாது என்று அவள் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நாங்கள் கதவைத் திறந்து பார்த்தோம். சிலையின் முதுகில், கறுப்புப் பளபளப்பின் நடுவில், ஒரு காதின் அச்சு இருந்தது. காது மடிப்பு, கன்னத்தின் வளைவு, ஒட்டிப்போன ஒரு தலைமயிர். எல்லாம் அப்படியே இறுகியிருந்தது.

"என்ன அண்ணி செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"கேட்டுப் பாத்தனான்."

"என்னத்தை?"

"மூச்சை." வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்தாள். "உள்ளுக்கை இருக்கு தம்பி. நீங்களும் கேட்டுப் பாருங்கோ."

நான் கேட்டேன். அரக்குப் படாமல் ஒரு சொப்பிங் பையைக் கன்னத்தில் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், அலுமாரிக்குள் தலையை விட்டுக் கேட்டேன். முதலில் ஒரு இரைச்சல் கேட்டது. சங்கைக் காதில் வைத்தால் வருவது. கூடு என்றால் இரையும்தானே என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்து முடிக்குமுன் அது நின்றுவிட்டது. குறையவில்லை அண்ணா, நின்றது. சின்ன வயதில் ஒளித்துப் பிடித்து விளையாடும்போது நான் கிட்ட வந்ததும் கதவுக்குப் பின்னால் மூச்சை நிறுத்துவீர்களே, அப்படி. அப்போதெல்லாம் அந்த நிசப்தத்தை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடிப்பேன்.

நான் கதவை மூடிவிட்டு வெளியே வந்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று அண்ணியிடம் சொன்னேன்.

அடுத்த நாட்களில் அண்ணியின் வீக்கம் கண்ணுக்கு ஏறி, இரண்டு கண்ணும் மூடிப்போயின. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டு, தொடாமல் படு என்று அனுப்பினார்கள். அயாகோ பக்கத்தில் இருந்து ஈரத்துணி மாற்றினாள். நான் கஞ்சி கொண்டுபோன ஒரு காலையில் அண்ணி ஆடாமல் அசையாமல் கிடந்தாள். நெஞ்சு ஏறி இறங்கவில்லை. கஞ்சியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். அவள் 'ஹா' என்று வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

"பயப்பிடாதைங்கோ," என்றாள், மூச்சு வந்த பிறகு. "அவரைப்போல பிடிச்சுப் பாத்தனான். ஏலாது தம்பி. கொஞ்ச நேரத்திலை நெஞ்சு வெடிக்குது. தலைக்குள்ளை இடி இடிக்குது."

நான் சிந்திய கஞ்சியைத் துடைத்தேன்.

"மூண்டு மாரி," என்றாள். "மூண்டு மாரியா அந்த மனுசன் பிடிச்சுக்கொண்டிருக்குது. நான் வருவார் வருவார் எண்டு சொல்லிக்கொண்டிருந்தால் அவர் எப்பிடி விடுறது? நான் விடச் சொல்லேல்லை. அதுதான் விடாமல் இருக்கிறார்." மூடிய கண்ணால் நீர் வழிந்தது. உப்புப் பட்டு எரிந்திருக்கும், அவள் துடைக்கவில்லை. "பிள்ளை," என்று அயாகோவைக் கூப்பிட்டாள். "கண் வேண்டாம். வாயைத் திறந்து விடு. பிறகு எனக்குத் தா. நான் அவரை அனுப்ப வேணும்."

அனுப்புவது என்றால் என்ன என்று நான்தான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. எரிப்பது என்றதும் அந்தப் பிள்ளைக்குக் கோபம் வந்ததே, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை சத்தமாகக் கதைத்துக் கேட்டிராத பிள்ளை. ஒரு வருசம், ஒரு வருசம் என்று ஆங்கிலத்தில் கத்தினாள். உளியைச் சுவரில் எறிந்தாள். அதுவும் சரிதானே? கண்காட்சிக்கு நாள் கிட்டிவிட்டது. அவள் கையில் வேறு சிலை இல்லை. கொட்டிலைப் பூட்டிக்கொண்டு போய் மூதூர் படகுகள் வருகிற பக்கம் நாள் முழுக்க இருந்தாள். அவள் அதைக் கட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போனாலும் ஒருவரும் தடுத்திருக்க ஏலாது. நானே லொறி பிடித்துக் கொடுத்திருப்பேன் போல இருந்தது.

திரும்பி வந்ததும் நேரே போய் அண்ணியின் கட்டிலில் குந்தினாள்.

"அவருடைய மரம்," என்றாள். "அவர் வந்து தர வேணும் என்று சொன்னீர்கள். அவர் எனக்குத் தர இல்லை."

அண்ணி அவள் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனால் முடிக்க வேணும். முடியாமல் அனுப்ப ஏலாது."

அதற்குப் பிறகும் பூச்சுப் பூசினாள். எரிக்கப் போகிறதுக்கு ஏன் பிள்ளை மினுக்கம் என்று கேட்டேன். பிணத்தைக் குளிப்பாட்ட மாட்டீர்களா என்று திருப்பிக் கேட்டாள். நான் கடைக்குப் போய்விட்டேன். முதுகில் இருந்த காது அச்சை மட்டும் அவள் தேய்த்து எடுக்கவே இல்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

குருக்கள் வந்தார். அலுமாரியைத் திறந்து காட்டினேன். தர்ப்பையில் செய்ய வேண்டியதற்கு இதென்ன கூத்து என்ற முகத்தோடுதான் வந்தார். உங்களைக் கண்டதும் இரண்டடி பின்னால் வைத்தார். அவர் உங்களை நேரில் அறிந்தவர் அல்லவா.

"கண் திறந்ததோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்லை ஐயா."

"வடிவாப் பார். கண் திறந்த உருவெண்டால் நான் தொடமாட்டன். அது பேந்து எரிக்கிற உரு இல்லை, கும்பிடுற உரு."

தானே குனிந்து, இரண்டு கண்மடலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். மூடிய மரம்தான். சுற்றித் தர்ப்பை கட்டி எரிக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, தேத்தண்ணியும் குடியாமல் போனார். ஒரு கிழமை முந்தி அந்தப் பளிங்கை வைத்திருந்தால் உங்கள் கதி என்ன, அண்ணியின் கதி என்ன என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

வாயைத் திறந்தது ஒரு மத்தியானம். நல்ல வெயில். சிலையை அலுமாரியில் இருந்து எடுத்து விறாந்தையில் பாயில் வைத்தோம். அண்ணிக்கு அப்போது கண் திறந்துவிட்டது, முகத்தில் தோல் உரிந்துகொண்டிருந்தது. அவள் உங்களுக்கு எதிரே அதேபோலக் குந்தினாள். அயாகோ ஊசிபோல ஒரு உளியை எடுத்து, உதடுகளுக்கு நடுவில் வைத்தாள். அண்ணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ," என்றாள் அண்ணி. அயாகோவைப் பார்த்துச் சொல்லவில்லை. "இவ்வளவு நாளும் பிடிச்சது காணும். நான் சொல்லுறன், விடுங்கோ."

உளி உள்ளே போனது. அரக்கு வெடித்து, ஒரு கீறல் வந்தது. அதற்குள்ளால் காற்று வந்தது. மெதுவாக, நீளமாக, நிற்காமல் வந்தது. துறைமுகத்து அடிச் சேற்றின் மணம் விறாந்தை முழுக்க நிறைந்தது. கடைசியில் கொஞ்சம் தண்ணீர் உதட்டால் வழிந்து நாடியில் சொட்டியது. அடைத்து வைத்த கூட்டுக்குள் புழுக்கம் இருக்கும், கீறினால் வெளியே வரும், அவ்வளவுதான். நான் இதை எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தச் சின்னக் கூட்டுக்குள் அவ்வளவு காற்று எப்படி இருந்தது என்று மட்டும் தெரியவில்லை.

அண்ணி முந்தானையால் அந்தத் தண்ணீரைத் துடைத்துவிட்டாள். பிறகு அழுதாள். மூன்று மாரிக்கும் சேர்த்து, பக்கத்து வளவுச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்படி அழுதாள். நானும் அழுதேன். அயாகோவும் அழுதாள்.

இப்போது உங்களை அலுமாரிக்குள் வைக்கவில்லை. முன்னறையில், தெற்குப் பார்த்து இருக்கிறீர்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. உங்கள் கன்னம் முன்னைவிட வற்றியிருப்பது போல எனக்குத் தெரிகிறது. அயாகோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கிட்டக் குனிந்து பார்த்தாள். தான் தொடவில்லை என்று மட்டும் சொன்னாள். சேட்டுகளை அண்ணி தோய்த்துக் கொடியில் போட்டாள், இரண்டாம் தோய்ச்சலில் உப்புப் போய்விட்டது. நாளைக்குத் தாலியைத் தானே கழற்றுவாளாம், வேறு ஆரும் கை வைக்கக் கூடாது என்று சனத்துக்குச் சொல்லிவிட்டாள். நேற்றுக் காலை தையல் மிசினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள். நீங்கள் கேட்க விரும்பியிருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

கண்காட்சிக்கு வெறுங்கையோடுதான் போகப் போகிறாள் அந்தப் பிள்ளை. பெண்கள் சுடலைக்கு வருவதில்லை என்று சொன்னேன். நான் செய்தது, நான் வருவேன் என்கிறாள். வரட்டும் என்று குருக்களிடம் சொல்லிவிட்டேன். சண்டை பிடிக்கிற அளவுக்கு ஒருவருக்கும் மனமில்லை.

கொள்ளி வைக்கிறது நான். உங்களுக்குப் பிள்ளை இல்லை, எனக்கு வேறு அண்ணா இல்லை. குருக்கள் எல்லாம் சொல்லித் தந்தார். குடத்தைத் தூக்கிச் சுற்றி வந்து, சிதைக்கு முதுகைக் காட்டி நின்று நெருப்பை வைத்துவிட்டு, அப்படியே நடக்க வேண்டும்.

"என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் குடாது. ஆர் கூப்பிட்டாலும் திரும்பக் குடாது," என்றார்.

"ஆர் கூப்பிட்டாலும் எண்டால், ஐயா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவர் கூப்பிட்டாலும்," என்றார்.

இந்த மூன்று மாரியும் நான் நேரே நடந்த ஆள் இல்லை அண்ணா. கடைத்தெருவில் எவனாவது இருமினால் திரும்பினேன். துறைமுகத்தடியில் ஈரக்கால் சத்தம் கேட்டால் திரும்பினேன். அண்ணியைப் பைத்தியம் என்று நினைத்த நாட்களிலும் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் வாயால் சொன்னாள், நான் கழுத்தால் சொன்னேன். நீங்கள் மூச்சை விடாமல் இருந்தது என்னாலும்தான்.

நாளைக்கு நெருப்பு ஏறும்போது நீங்கள் கூப்பிடுவீர்கள். "டேய் சின்னவன்" என்று, அதே குரலில், எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று கூப்பிடுவீர்கள். எனக்கு அது இப்போதே தெரிகிறது. பயமில்லை. கூப்பிடுங்கள், ஒருதரம் அந்தக் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது. கேட்டுக்கொண்டே நடப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இது சத்தியம்.

உங்களுக்குக் கொள்ளி வைக்கப் போகும்,
உங்கள் கூடப்பிறந்த ஒரே தம்பி